ஓர் அரைமணி நேரம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்குப் பெரிய விடயங்கள் பல உண்டு. அவற்றைப் பேசக்கூடியவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய விடயம். யாரும் கேட்காத ஒரு படத்தையோ பின்னலையோ விளையாட்டாக நமக்கென்று செய்து பார்க்க நேரம் எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான்.

நம்மில் பலர் ஒரு காலத்தில் படம் கீறியவர்கள். சாதாரண தரம் வரை சித்திரம் படித்தோம். உயர்தரத்தில் கணிதம், உயிரியல் என்று பிரிந்தபோது வர்ணப் பெட்டி அலுமாரிக்குள் போனது. பிறகு பலருக்கு அந்த அலுமாரியும் இல்லாமற் போயிற்று. 1995 இல் வலிகாமத்தை விட்டு நடந்தபோது அடையாள அட்டையையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டோம். சித்திரக் கொப்பியை யார் தூக்கினார்கள்? அந்த இரவில் அதுவே சரி. ஆனால் எது முதலில், எது பிறகு என்ற அந்த வரிசை, ஆபத்து நீங்கி இத்தனை ஆண்டுகளின் பின்னும் நம் தலைக்குள் அப்படியே இருக்கிறது.

குருநகரில் பிறந்த ஓவியர் அ. மாற்குவை (1933–2000) மூத்தவர்கள் அறிவார்கள். அவர் யாழ்ப்பாணத்தில் இளையவர்களைச் சேர்த்துக் கற்பித்த அமைப்பின் பெயர் விடுமுறைக்கால ஓவியர் கழகம். அந்தப் பெயரே நமக்குப் போதும். விடுமுறை என்பது படம் கீறுவதற்கு என்று நினைத்த ஊர் இது. இன்று விடுமுறை என்றால் ரியூசன்.

வயது போய்விட்டதே என்பவர்களுக்கு ஓர் ஆங்கிலேயப் பெண்ணைச் சொல்லலாம். மேரி டெலானி, 18 ஆம் நூற்றாண்டுக்காரர். கணவர் இறந்து சில ஆண்டுகளின் பின், தமது 72 ஆவது வயதில், நிறத்தாள்களை நுணுக்கமாக வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். கண்பார்வை மங்கும் வரை ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் செய்தார். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான அந்தப் பூக்கள் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் தொடங்கியபோது யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

எங்கள் வகுப்பினர் பதினொரு பேர் மூன்று ஆண்டுகளாக ஒரு வேலை செய்கிறோம். ஞாயிறுதோறும் தபாலட்டை அளவில் ஏதாவது ஒன்று. அரைமணிக்கு மேல் இல்லை. முடிந்ததை, முடியாததையும், படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுகிறோம். “சூப்பர்” என்று எழுதக்கூடாது என்பது ஒரேயொரு சட்டம். புகழ்ச்சி வரத் தொடங்கினால் அடுத்த கிழமை எல்லோரும் நல்ல படமாகக் கீறப் பார்ப்பார்கள். பிறகு இருவர் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவார்கள்.

நேரம் எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். நேரத்தைத் தின்பது கீறுவதல்ல, ஆயத்தம் செய்வது. பெட்டியைத் தேடி, மேசையைத் துடைத்து, தாளை வெட்டி முடிப்பதற்குள் தொலைபேசி அடித்துவிடும். ஆகவே பொருட்களை உள்ளே வைப்பதில்லை. ஒருத்தியின் பென்சிலும் அட்டையும் குசினியில் சோற்றுப் பானைக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. மெல்பேர்ணில் இருப்பவள், அம்மம்மா சார்வோலையில் இழைத்த கொட்டைப்பெட்டியைக் கடை விளம்பரத் தாள்களைக் கீலம் கீலமாக வெட்டி இழைக்கிறாள். ஓலை காய்ந்துபோகும் என்ற கவலை இல்லை. பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். மூடியில் “50 வீதம் கழிவு” என்று வந்து விழுந்தது எங்களுக்கு இன்னும் சிரிப்பு.

அதைப் பார்த்த உறவினர் உடனே சொன்னது, “விற்கலாமே!” பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பிள்ளை தூரிகையைத் தொட்டால் எந்தப் பரீட்சைக்கு என்று கேட்பதும், ஆடத் தொடங்கினால் அரங்கேற்றம் எப்போது என்று கேட்பதும் நமது வழக்கமாகிவிட்டது. ஓடர் வந்த மறுநாள் அது விளையாட்டு அல்ல, இன்னொரு வேலை. வேலை நம்மிடம் ஏற்கெனவே போதிய அளவு உண்டு.

எங்களில் ரொறன்ரோவில் இருப்பவள், படுக்கையில் இருந்த தாயைப் பார்த்துக்கொண்டவள். வெளியே போக முடியாது, கட்டிலருகே இருக்கவேண்டும். அவள் ஒவ்வொரு ஞாயிறும் தாயின் கையைக் கீறினாள். ஒரே கை. போர்வையின் மேல், கோப்பையைப் பிடித்தபடி, ஊசி போட்ட பிளாஸ்டருடன். மறதி முற்றிய அந்த அம்மா, மகளின் பெயரைச் சொல்லாத நாட்களிலும், “என்ன பிள்ளை கீறுறாய்?” என்று கேட்பாராம். காட்டினால், “விரல் நீளம் கூடிப்போச்சு” என்பாராம். நாற்பத்தொரு அட்டைகள். அம்மா போய்ச் சேர்ந்த பின் அவற்றை எங்களுக்கு ஒன்றாக அனுப்பினாள். அன்றும் யாரும் “சூப்பர்” எழுதவில்லை. ஒருத்தி தன் தாயின் கையைக் கீறி அனுப்பினாள். பிறகு இன்னொருத்தி.

வாசலில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் வெறும் அட்டைகள் அடுக்கி வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். எதையாவது கீறி, ஒட்டி, இழைத்து, அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொண்டுவாருங்கள். தூரத்தில் இருப்பவர்கள் தபாலில் அனுப்பலாம். மண்டபத்தின் பின்சுவரில் கயிறு கட்டித் தொங்கவிடுவோம். பெயர் எழுத வேண்டாம். நடுவர்கள் இல்லை, பரிசில்களும் இல்லை. பென்சில் வேண்டுமென்றால் எங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது.