ஒரு மடக்குத் தண்ணீர்: முதியோரின் விழுங்கல் சிக்கலும் ஆய்வுகள் காட்டும் வழியும்



சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறினால் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்போம். புரையேறி இருமுவது உடம்பின் காவல் விழித்திருப்பதற்கு அடையாளம். வழி தவறிய துளியை இருமல் வெளியே தள்ளிவிடுகிறது. நான் இன்று பேச வந்தது வழி தவறியும் இருமாதவர்களைப் பற்றி. பக்கவாதம் வந்தவர், பார்க்கின்சன் நோயாளி, மறதிநோய் முற்றியவர் ஆகியோரில் பலருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் தொண்டை அதை உணர்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறவருக்கும் தெரியாது. இரண்டொரு நாளில் காய்ச்சல், நெஞ்சுச் சளி, எக்ஸ்ரேயில் நிமோனியா. "நல்லாத்தானே சார் சாப்பிட்டாங்க" என்று மகன் கலங்கி நிற்பார். அவர் சொல்வது பொய்யில்லை. பார்வைக்கு நன்றாகத்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

உங்கள் கழுத்தில், குரல்வளை மேட்டின் மீது விரலை லேசாக வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒன்று மேலே எழும்பி இறங்குகிறது அல்லவா? உணவு தொண்டையைக் கடக்க ஏறத்தாழ ஒரு வினாடிதான் ஆகிறது. அந்த ஒரு வினாடிக்குள் மூச்சு நிற்க வேண்டும், குரல்வளை மேலேயும் முன்னேயும் நகர வேண்டும், குரல்நாண்கள் மூட வேண்டும், உணவுக்குழாயின் மேல்வாய் திறக்க வேண்டும். வயதாக ஆக நாக்கின் வலு குறைகிறது, அந்த எழுச்சி சற்றுத் தாமதமாகிறது. சில மாத்திரைகளால் எச்சிலும் வறண்டுபோகிறது. வேறு நோய் இல்லாத முதியவர் இதையெல்லாம் சமாளித்துக்கொள்வார். ஆனால் ஒரு காய்ச்சலில் விழுந்து உடம்பு இளைத்துவிட்டால் கைகால் தசையோடு தொண்டைத் தசையும் இளைக்கிறது. ஜப்பானிய மருத்துவர்கள் இதைத் தனி நிலையாகவே ஆராய்ந்துவருகிறார்கள்.

தொண்டைக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க வழி செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெரி லோகமேன். பேரியம் கலந்த திரவத்தையும் உணவையும் சிறுசிறு அளவாகக் கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகப் பதிவு செய்யும் சோதனையை அவர் முறைப்படுத்தினார். 1983இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் துறைக்கே பாடநூலாயிற்று. 1988இல் சூசன் லாங்மோரும் உடன் பணியாற்றியவர்களும் மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, விழுங்குவதற்கு முன்னும் பின்னும் தொண்டையை நேரில் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். படுக்கையிலேயே செய்யலாம் என்பதால், எழுந்து உட்கார முடியாதவர்களுக்கு இது பெரும் உதவி.

கண்ணால் பார்த்த பிறகு என்ன செய்வது? தண்ணீர் வேகமாக ஓடுகிறது, தொண்டை தாமதமாக எழுகிறது. அப்படியானால் தண்ணீரைக் கெட்டியாக்கு என்றார்கள். மாவோ பிசினோ கலந்து கெட்டிப்படுத்திய தண்ணீர் உலகெங்கும் மருத்துவமனைகளில் வழக்கமாயிற்று. கேட்க நியாயமான யோசனைதான். ஆனால் அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த முடிவு 2008இல்தான் வந்தது. அந்த ஆய்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

லோகமேன், ஜோஆன் ராபின்ஸ் ஆகியோர் நடத்திய ஆய்வு அது. மறதிநோயோ பார்க்கின்சனோ இருந்து, தண்ணீர் குடித்தால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிற 711 பேருக்கு எக்ஸ்ரே திரை முன்னால் மூன்று வழிகளை முயன்று பார்த்தார்கள். மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக் குடித்தபோது 68 சதவீதம் பேருக்கு வழி தவறியது. இளங்கெட்டித் திரவத்தில் 63 சதவீதம், தேன் பதத்தில் 53 சதவீதம். அன்றைய சோதனையில் தேன் பதமே முன்னால் நின்றது. பிறகு 515 பேரை மூன்று மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். மோவாயைத் தாழ்த்திக் குடித்தவர்களில் 9.8 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, கெட்டித் திரவம் குடித்தவர்களில் 11.6 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஏதுமில்லை. உடலில் நீர் வற்றிப்போனவர்கள் முதல் பிரிவில் 2 சதவீதம், கெட்டித் திரவப் பிரிவில் 6 சதவீதம். நிமோனியா வந்தவர்களில் தேன் பதம் குடித்தவர்கள் மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களின் இடைநிலை 18, இளங்கெட்டி குடித்தவர்களுக்கு 4. அந்த ஆய்வில் எந்தச் சிகிச்சையும் பெறாத பிரிவு ஒன்று இல்லை. அதனால் கெட்டிப்படுத்துவதே வீண் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் ஒன்று உறுதியாயிற்று. எக்ஸ்ரே திரையில் கிடைத்த வெற்றி நுரையீரல் வரை போய்ச் சேரவில்லை.

ஏன்? விடையின் பெரும்பகுதி வாய்க்குள் இருக்கிறது. ஆரோக்கியமானவர்களிலும் பலருக்கு உறக்கத்தில் எச்சில் சிறிது மூச்சுக்குழாய்க்குள் இறங்கத்தான் செய்கிறது. இறங்குவது சுத்தமான எச்சிலா, கிருமி மண்டிய எச்சிலா என்பதே பெரும்பாலும் நோயைத் தீர்மானிக்கிறது. முதியவர்கள் 189 பேரைத் தொடர்ந்து கவனித்து லாங்மோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதை முன்பே சுட்டியது. தானே சாப்பிட முடியாமல் பிறர் ஊட்ட வேண்டிய நிலை, தானே பல் துலக்க முடியாத நிலை, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை ஆகியவை நிமோனியாவை முன்னறிவிப்பதில் முன்வரிசையில் நின்றன. விழுங்கல் சிக்கல் மட்டும் தனியாக நின்று நிமோனியாவைக் கொண்டுவரப் பெரும்பாலும் போதவில்லை.

மறு ஆண்டு லான்செட் இதழில் ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. யோனெயாமா குழுவினர் 11 முதியோர் இல்லங்களில், ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பணியாளர்களைக் கொண்டு வாயைத் துலக்கிவிட்டார்கள். வாரம் ஒரு முறை பல் மருத்துவத் துறையினர் வந்து கவனித்தார்கள். மற்றப் பிரிவினர் வழக்கம்போல் இருந்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் வழக்கம்போல் இருந்தவர்களில் 19 சதவீதம் பேருக்கும், துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்திருந்தது. பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. பிரஷ்ஷும் ஒரு குவளைத் தண்ணீரும் ஐந்து நிமிட நேரமும்தான் அந்தச் சிகிச்சை. என் தொழில் வாழ்க்கையில் நான் படித்த ஆய்வுகளில் இதைப்போல் என்னை அசைத்தது குறைவு. 85 வயது கடந்த ஜப்பானியர்களைக் கவனித்து 2015இல் வந்த இன்னொரு ஆய்வு, பல்செட்டைக் கழற்றாமல் தூங்குபவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரு மடங்குக்கு மேல் என்று கண்டது.

நம் வீடுகளில் மூக்கில் டியூப் போட்டவுடன் பல் துலக்குவதும் நின்றுவிடுகிறது. "அவங்கதான் வாய் வழியா ஒண்ணும் சாப்பிடறதில்லையே" என்பது காரணம். உண்மையில் அவர்களுக்குத்தான் வாய்ச் சுத்தம் கூடுதலாகத் தேவை. மெல்லும் அசைவு நின்றதும் எச்சில் குறைகிறது. நாக்கில் வெள்ளையாகப் படிவு கட்டுகிறது. அண்ணத்தில் காய்ந்த சளி ஒட்டுகிறது. டார்ச் அடித்துப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது ஊட்டும் கை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது நான் அடிக்கடி காணும் காட்சி இது. பாட்டி இரண்டு தலையணையில் சாய்ந்து கிடக்கிறார். கவனித்துக்கொள்ளும் பெண் நின்றபடி, ரசம் சாதத்தைப் பெரிய ஸ்பூனில் மேலிருந்து கொண்டுவருகிறார். ஸ்பூனைப் பார்க்கப் பாட்டி தலையை அண்ணாந்தாக வேண்டும். அண்ணாந்ததும் மூச்சுக்குழாயின் வாசல் திறந்து கொடுக்கிறது. ரசம் சாதமோ இரண்டு பண்டம். சாதத்தை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் பின்னால் ஓடிவிடுகிறது. "ஆ காட்டுங்க பாட்டி, இன்னும் நாலு வாய்தான்" என்று அவசரம் வேறு. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒருமுறை இப்படி ஒரு வீட்டில் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தேன். பாட்டியை நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு ஸ்பூனைக் கீழிருந்து கொண்டுவரச் சொன்னேன். குரல்வளை எழும்பி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. தூக்கக் கலக்கத்தில் இருந்தால் ஊட்டவே கூடாது.

கெட்டித் திரவம் சிலருக்குத் தேவைதான், குறிப்பாகத் தண்ணீர் குடித்தால் திணறிப்போகிறவர்களுக்கு. ஆனால் எவ்வளவு கெட்டி? 2013இல் தொடங்கிய ஐடிடிஎஸ்ஐ என்ற பன்னாட்டு முயற்சி, திரவத்தையும் உணவையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாக வகுத்து, சமையலறையிலேயே செய்யக்கூடிய சோதனையையும் தந்திருக்கிறது. 10 மில்லி சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி வரை கஞ்சியை ஊற்ற வேண்டும். விரலை எடுத்து 10 வினாடி ஓடவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை, 8க்கு மேல் மிஞ்சினால் மூன்றாம் நிலை. நம் கஞ்சிக்கு ஒரு குணம் உண்டு. எச்சில் பட்ட ஸ்பூன் திரும்பத் திரும்பப் பட்டால் அது நீர்த்துப்போகும், எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைக் கரைத்துவிடும். ஆரம்பத்தில் சரியான பதத்தில் இருந்த கஞ்சி அரை மணியில் தண்ணீராகிவிடலாம். கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டுவது இதற்காகத்தான்.

பயிற்சிகளும் உண்டு. தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் உயர்த்திக் கால் விரலைப் பார்க்கும் ஷேக்கர் பயிற்சி, பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மூச்சை எதிர்ப்புக்கு எதிராக ஊதும் பயிற்சி ஆகியவை ஆய்வுகளில் பலன் காட்டியவை. கழுத்து எலும்புத் தேய்வு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முதலாவதைச் செய்யக்கூடாது.

பக்கவாத நோயாளிகளைப் பற்றி ஒன்று. பக்கவாதம் வந்த முதல் நாட்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில், காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் ஆகிய மூன்றையும் செவிலியரே திட்டமிட்டுக் கவனிக்கும் முறையைச் சோதித்தார்கள். 2011இல் வந்த முடிவின்படி, 90 நாளில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ போனவர்கள் வழக்கமான பிரிவில் 58 சதவீதம், புதிய முறையில் 42 சதவீதம். புதிய மருந்து ஒன்றுகூட அதில் இல்லை. நம் மருத்துவமனைகளில் பக்கவாத நோயாளிக்கு முதல் மடக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன் விழுங்கல் சோதனை கட்டாயமாக வேண்டும். சோதிக்காமல் வாய் வழியாக மாத்திரை கொடுப்பதும் நிற்க வேண்டும். இந்த அரங்கில் உள்ள செவிலியர்களிடம் இதை மன்றாடிக் கேட்கிறேன்.

கடைசியாக டியூப். வயிற்றில் துளையிட்டுச் செருகும் பெக் டியூபை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பொன்ஸ்கி ஆகியோர் முதலில் பயன்படுத்தியது விழுங்க முடியாத குழந்தைகளுக்காக. பின்னர் அது மறதிநோய் முற்றிய முதியவர்களுக்கும் பரவியது. அவர்களுக்கு டியூப் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் வெளியிட்ட நிலைப்பாடு, முற்றிய மறதிநோயில் டியூபைப் பரிந்துரைக்கவில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே சொல்கிறது. டியூபைப் பிடுங்கிவிடுவார் என்று தாயின் கையைக் கட்டிலில் கட்ட வேண்டி வருமானால், அந்த டியூப் யாருக்காக என்று குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும். மருத்துவரும் கூட உட்கார வேண்டும்.

பக்கவாதத்தில் நிலைமை வேறு. அங்கே டியூப் பெரும்பாலும் தற்காலிகம். பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் திறன் திரும்புகிறது. ஆனால் திரும்பியதை யாரும் சோதிக்காததால் டியூப் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறது. டியூப் போட்ட தேதியைக் கட்டில் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். மருத்துவர் வரும்போதெல்லாம் "எப்போ மறுபடி சோதிச்சுப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மாத்திரைப் பட்டியலுக்கு மேலே அந்த மறுசோதனைத் தேதியையும், ஒரு நாளைக்கு எத்தனை முறை வாயைத் துலக்கிவிட வேண்டும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.