நிஜாமின் பழைய தொப்பி

ஹைதராபாத்தின் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கும் தொழிலாளர்கள் ஏராளம். அதே ஊரின் கிங் கோட்டி மாளிகையில், எண்ணவே தேவையில்லாத ஒருவரும் எண்ணி எண்ணித்தான் செலவழித்தார்.

அவர் ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான். 1911 முதல் 1948 வரை ஹைதராபாத்தை ஆண்டவர். 1937 பிப்ரவரியில் 'டைம்' இதழ் அவரை உலகின் பெரும் பணக்காரர் என்று அட்டையில் போட்டது. அவர் அணிந்ததோ நைந்துபோன பழைய தொப்பி. தன் காலுறையைத் தானே பின்னிக்கொள்வாராம், மலிவான சார்மினார் சிகரெட்தான் புகைப்பாராம். தந்தையின் பழைய செருப்பில் கிடைத்த ஜேக்கப் வைரத்தைக் காகிதம் பறக்காமலிருக்க மேலே வைத்தார் என்கிறார்கள். அது 184 காரட்டுக்கும் மேல்!

காணவந்தவர்களிடம் 'நசர்' என்ற காணிக்கையாகப் பொற்காசு வாங்கியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தனக்குச் சிக்கனம் சரி, பிறரிடம் வாங்குவது வேறு.

ஆனால் ஊருக்குச் செலவழிக்க அவர் தயங்கவில்லை. 1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் தொடங்கியது அவர் ஆட்சியில்தான். 1908 மூசி வெள்ளத்துக்குப் பின் கட்டப்பட்ட உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளின் நீரை ஹைதராபாத் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்திருக்கிறார்கள்.