தருமத்துக்கு வழி சொல்பவர்கள்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குத் தரப்பட்ட பொருள் சற்று விநோதமானது. தரும ஸ்தாபனங்களுக்கு நிதி திரட்டும் வகையையும் திட்டம் வகுக்கும் வகையையும் சொல்லிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஆலோசகர்கள் மேல்நாடுகளில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் அத்தொழிலுக்கு வருமுன் என்ன உத்தியோகம் பார்த்தார்கள், எந்தப் பட்டறையில் கைபழகியவர்கள் என்பதைச் சபையோருக்கு விளக்கவேண்டும் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். அவர் சும்மா கேட்கவில்லை. நமது மண்டபக் கட்டட நிதி முக்காற் பங்கு சேர்ந்தபின் நகராமல் நிற்கிறது. வெளியார் ஒருவரை அமர்த்தி, அவர் சேர்க்கும் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டாற் காரியம் முடிந்துவிடும் என்று ஒரு சாராரும், தருமப் பணத்திலே தரகா என்று மறு சாராரும் நிர்வாக சபையில் வாதாடியதை நீங்கள் அறிவீர்கள். இதே வழக்கு அமெரிக்க நாட்டிலே நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்து, அங்கே ஒருவாறு தீர்க்கப்பட்டது. அந்தச் சரித்திரத்தையே இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் ஓர் அச்சுத் தொழிலாளியைச் சந்திப்போம். அவர் பெயர் பெஞ்சமின் பிராங்கிளின். மின்னலை ஆராய்ந்தவர் என்றும் அமெரிக்க சுதந்திரத்துக்கு உழைத்தவர் என்றும் அவரைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பிலடெல்பியா நகரில் அச்சுக்கூடம் நடத்திய காலத்தில், கில்பேட் டெனன்ட் என்ற பாதிரியார் அவரிடம் வந்து, புதிய ஆலயம் ஒன்று கட்டப் பணம் சேர்த்துத் தரும்படி கேட்டார். ஊராரிடம் அடிக்கடி கையேந்திக் கசப்பைத் தேடிக்கொள்ள விரும்பாத பிராங்கிளின் மறுத்துவிட்டார். கொடையாளிகளின் பெயர்களையாவது தாரும் என்றார் பாதிரியார். கேட்டபோது கொடுத்த குணத்துக்காக அவர்களை இன்னொருவருக்குக் காட்டிக் கொடுப்பது அழகன்று என்று அதையும் மறுத்தார். அப்படியானால் ஆலோசனையாவது சொல்லும் என்றார் பாதிரியார். அதை மட்டும் மனமுவந்து கொடுத்தார். நிச்சயம் கொடுப்பார்கள் என்று நீர் அறிந்தவர்களிடம் முதலிற் போம். கொடுப்பாரோ மாட்டாரோ என்று ஐயப்படுபவர்களிடம் அடுத்ததாகப் போய், கொடுத்தவர்களின் பட்டியலைக் காட்டும். ஒன்றும் கொடார் என்று நீர் முடிவுகட்டியவர்களையும் விட்டுவிடாதீர், அவர்களிற் சிலரைப்பற்றி உமது கணிப்புப் பிழையாயிருக்கலாம். இதுதான் அவர் கூறிய ஆலோசனையின் சாரம். டெனன்ட் அப்படியே செய்து, எதிர்பார்த்ததிலும் மிக அதிகமாகப் பெற்று, அழகான ஆலயத்தைக் கட்டி முடித்தார்.

நம் கோயிற் கும்பாபிஷேகத்துக்குப் பணம் சேர்க்கும் பெரியவர்கள் ஊரில் மதிப்புள்ள ஒருவரிடம் முதற் கையெழுத்து வாங்கிக்கொண்டுதானே அடுத்த வீட்டுப் படலையைத் திறக்கிறார்கள்! பிராங்கிளினுடைய புத்தகத்தைப் படித்து அவர்கள் இதைக் கற்கவில்லை. மனித சுபாவம் எங்கும் ஒன்றாகவே இருக்கிறது. ஆயினும் மூன்று காரியங்களை இக்கதையிற் குறித்துக்கொள்ளுங்கள். ஆலோசனை சொன்னவர் தாம் போய்க் கேட்கவில்லை. பணம் அவர் கையிற் படவில்லை. சொன்னதற்குப் பங்கும் கேட்கவில்லை.

இது தொழிலாக மாறியது எங்கே தெரியுமா? நம்மைப் போன்ற ஒரு வாலிபர் சங்கத்திலேதான். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிளை ஒன்றுக்கு, மிச்சிகன் மாகாணத்துக் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில், சாள்ஸ் சம்னர் வார்ட் என்பவர் காரியதரிசியாயிருந்தார். ஆண்டு முழுவதும் சந்தாவுக்கும் நன்கொடைக்கும் அலைவதிலேயே பொழுது போய்விட, வாலிபர்களுக்குச் செய்யவேண்டிய சமயப் பணி கிடந்துவிடுவதைக் கண்டார். அலைச்சல் முழுவதையும் சில நாட்களுக்குள் அடக்கிவிட்டால் மிகுதி நாட்கள் சங்கத்துக்கு மீளுமே என்று யோசித்தார். பணத்தின்மேல் உள்ள ஆசையாற் பிறந்த முறையன்று அது. பணம் கேட்பதில் ஏற்பட்ட சலிப்பிலே பிறந்த முறை.

1905 ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்துச் சங்கத்தின் காரியதரிசி லைமன் பியர்ஸ் ஒரு பெரிய கட்டடத்துக்கு நிதி சேர்த்துக்கொண்டிருந்தார். பெரும்பகுதி சேர்ந்தபின் கடைசிப் பகுதி சேராமல் நின்றுவிட்டது. நம்முடைய கதைதான்! வார்ட் உதவிக்கு அழைக்கப்பட்டார். இருவருமாக வகுத்த முறையே பின்னர் நூற்றுக்கணக்கான ஊர்களிற் கையாளப்பட்டது. இத்தனை டொலர், இத்தனை நாட்கள் என்று முதலிலேயே ஊரறியச் சொல்லிவிடுவது. பெரிய தனவந்தர் ஒருவரிடம், மற்றவர்கள் இவ்வளவு சேர்த்தால் நான் இவ்வளவு தருவேன் என்ற வாக்குறுதியைப் பெற்றுக்கொள்வது. ஊரிலுள்ள வர்த்தகர், வாலிபர் எல்லோரையும் அணி அணியாகப் பிரித்து ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவரை வைப்பது. நாள்தோறும் மதிய போசனத்தில் எல்லா அணிகளும் கூடி, அன்றைய கணக்கை எழுந்து நின்று வாசிப்பது. நகரின் நடுவிலே பெரியதொரு கடிகார முகத்தை மாட்டி, பணம் ஏற ஏற முள்ளை நகர்த்துவது. நேற்று எழுபதில் நின்ற முள் இன்று எழுபத்தைந்துக்கு வந்துவிட்டதைப் பார்த்த ஊரார், நூறைத் தொடுமா தொடாதா என்று தேர் வடம் பிடித்தவர்களைப்போல ஆகிவிடுவார்கள்.

1917 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், முதலாம் உலக யுத்தத்தின்போது, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 10 கோடி டொலர் வேண்டுமென்று இதே முறையில் நாடு முழுவதும் கேட்டது. மோர்கன் வங்கியின் பங்காளியான ஹென்றி டேவிசன் யுத்தக் குழுவுக்குத் தலைவர். முறையை நடத்திக் காட்டியவர்கள் வார்ட் முதலிய வாலிபர் சங்கத்துக் காரியதரிசிகள். ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் கேட்டதிலும் அதிகம் சேர்ந்தது. அதன் பின்னரே இந்த ஆற்றலுக்குச் சந்தையில் விலையுண்டு என்று உலகம் கண்டுகொண்டது. 1919 இல் வார்ட், ஹில், பியர்ஸ், வெல்ஸ் என்ற நால்வரும் தம் பெயர்களையே சூட்டி ஒரு கம்பனி தொடங்கினார்கள். ஊதியத்துக்கு ஆலோசனை கூறும் தொழில் பெருகிய காலம் அது.

அதே ஆண்டில் வேறொரு பட்டறையிலிருந்து இன்னொருவர் வந்தார். ஜோன் பிறைஸ் ஜோன்ஸ் என்பவர் பத்திரிகை நிருபர். பின்னர் விளம்பரத் தொழிலில் இருந்தவர். யுத்தக் கடன் பத்திரங்களுக்குப் பிரசாரம் செய்து பழகியவர். தாம் கற்ற ஹாவாட் சர்வகலாசாலையின் மூலதன நிதிக்கு அவர் வேலை செய்தார். அது ஒரு கோடி டொலரைக் கடந்து சென்றது. வார்ட் முதலில் ஆட்களைக் கூட்டினார் என்றால், ஜோன்ஸ் முதலில் உண்மைகளைக் கூட்டினார். இந்தச் சர்வகலாசாலைக்கு ஏன் பணம் வேண்டும், கொடாவிட்டால் நாட்டுக்கு என்ன குறைவு, யாரிடம் எவ்வளவு கேட்பது தகும் என்றெல்லாம் விசாரித்து எழுதி முடிக்கும்வரை ஒருவரிடமும் போகவிடமாட்டார். நிருபர் தொழில் அவருக்குக் கற்பித்தது அது. அவருடைய கம்பனியின் பழைய ஏடுகள் இன்று ஹாவாட் வர்த்தகக் கல்லூரியின் பேக்கர் நூலகத்திற் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பணம் சேர்த்தவர்களின் குறிப்பேடுகளை நூலகத்தில் வைத்துப் போற்றும் அளவுக்கு அது ஒரு வித்தையாயிற்று. நம் சங்கத்தின் பழைய கணக்குக் கொப்பிகள் எங்கே இருக்கின்றன என்று நான் இப்போது கேட்கப்போவதில்லை, தனாதிகாரி கவலைப்படவேண்டாம்.

வந்த வழியே திரும்பிப் போனவர்களும் உண்டு. ஆர்னோ மார்ட்ஸ் என்பவர் 1926 இல் லண்டி என்பவருடன் சேர்ந்து ஓர் ஆலோசனைக் கம்பனி தொடங்கி, பின்னர் பென்சில்வேனியாவிலுள்ள பக்னெல் சர்வகலாசாலைக்குத் தலைவராயிருந்தார். ஊருக்கு வழி சொன்னவர் தாமே வீடு நடத்திப் பார்த்தார் என்று சொல்லலாம்.

இனித் தரகு வழக்குக்கு வருகிறேன். தொழில் பெருகியதும், சேர்த்ததில் பாதி எனக்கு என்று பேரம் பேசுபவர்களும் உள்ளே நுழைந்தார்கள். கொடுத்தவருடைய பணம் அநாதைப் பிள்ளையிடம் போயிற்றா, வசூலித்தவருடைய பையிற் போயிற்றா என்ற சந்தேகம் எழுந்தது. நல்ல கம்பனிகள் 1935 இல் ஒன்றுகூடி, நிதி திரட்டும் ஆலோசகர்களின் சங்கம் ஒன்றை அமைத்தன. செய்யும் வேலைக்கு முன்னரே பேசிய நிலையான ஊதியம் வாங்கலாம், சேரும் பணத்தில் விகிதம் வாங்கலாகாது என்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட முக்கியமான விதி. அதன் நியாயம் எளிது. விகிதம் வாங்குபவனுக்கு இன்று விழும் நூறு ரூபாய், பத்து வருஷம் கழித்து வரக்கூடிய பத்தாயிரத்திலும் பெரிது. கொடையாளியை நெருக்குவான், புண்படுத்துவான், பிறகு ஊரைவிட்டுப் போய்விடுவான். பகை சங்கத்தோடு தங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. விதவைத் தாய் ஒருத்தி சங்கத்துக்கென்று கொடுக்கும் பணத்தில் அவளறியாமல் ஒரு பங்கு மூன்றாமவனுக்குப் போவது, அவள் நினைத்த தருமம் அன்று. 1960 இல் தொடங்கிய நிதி திரட்டுவோர் சங்கமும், பிற்காலத்திற் பெயர் மாறி வளர்ந்து, தன் ஒழுக்கக் கோவையில் இந்தத் தடையை வைத்திருக்கிறது.

சட்டம் போட்டுத் தடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அதையும் முயன்றார்கள். வட கரோலினா மாகாணம், வசூலிப்பவர் இத்தனை வீதத்துக்கு மேல் எடுப்பது நியாயமற்றது என்று சட்டம் செய்தது. 1988 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. தருமத்துக்கு வேண்டிப் பேசுவதும் பேச்சுரிமையில் அடங்கும், அதை இப்படி அளவுகோல் வைத்து வெட்டமுடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே அந்நாட்டில் விகிதக் கூலியை விலக்கி நிற்பது தொழிலாளரின் மானமே. ஆனால் பல மாகாணங்களின் சட்டம் ஒரு வேற்றுமையைத் தெளிவாகக் காட்டுகிறது. வழி மட்டும் சொல்பவர் ஒரு வகுப்பு. கொடையாளியிடம் நேரே கேட்டு வசூலிப்பவர் வேறு வகுப்பு. ஒருவரை மற்றவரென்று மயங்காமற் பார்க்கவேண்டும். நமது நிர்வாக சபையின் வாதத்தில் இந்த இருவரும் ஒருவராகவே பேசப்பட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பிற்காலத்தில் இத்தொழிலுக்கென்றே பள்ளியும் தோன்றியது. 1974 இல் ஹென்றி றோசோ என்பவர் சன் பிரான்சிஸ்கோவில் நிறுவிய நிதி திரட்டும் பாடசாலை, 1987 இல் இந்தியானா சர்வகலாசாலையோடு சேர்ந்தது. ஆதலால் இன்று பலர் வேறு பட்டறையில் அடிபடாமல் இதையே படித்து வருகிறார்கள். வைத்தியசாலை, சர்வகலாசாலை முதலியவற்றின் நிதிக் கந்தோர்களிற் பல ஆண்டு உழைத்துவிட்டுப் பின்னர் தனியே ஆலோசகர்களாக அமர்பவர்களும் உண்டு.

இன்னொரு கிளை, வர்த்தக உலகிலிருந்து வந்தது. பெரிய கம்பனிகளுக்குத் திட்டம் வகுத்துக் கொடுக்கும் பெயின் என்ற நிறுவனத்தின் தலைவராயிருந்த தோமஸ் டியேர்னி என்பவரும் தோழர்களும் 1990களின் இறுதியில் பிரிட்ஜ்ஸ்பான் என்ற ஆலோசனை ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். அதுவும் இலாபம் கருதாதது. இவர்கள் பணம் எப்படித் திரட்டலாம் என்பதற்கு முன், அதைக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். நீங்கள் நடத்தும் ஆறு வேலைகளில் எது உண்மையாகப் பயன் தருகிறது, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவாகிறது, எதை நிறுத்தத் துணிவீர்கள் என்று துருவுவார்கள். நல்ல கேள்விகள், நம்மைப் போன்ற சங்கங்களுக்குக் கசப்பான கேள்விகளுங்கூட. ஆனால் எண்ணக்கூடியதை மட்டும் எண்ணிப் பழகிய கண்ணுக்கு, வெள்ளிக்கிழமைப் பசனையில் வந்து உட்காரும் பையன் பத்து வருஷத்தின்பின் என்ன ஆவான் என்பது தெரியாது. வர்த்தகரைக் குறைகூறவில்லை. தச்சனுக்கு மரமும் கொல்லனுக்கு இரும்பும் முதலிற் கண்ணிற் படுவது இயல்பு. பழைய காரியதரிசி வந்தால் ஆட்களைக் கூட்டுவார். நிருபர் வந்தால் எழுதச் சொல்வார். வர்த்தகர் வந்தாற் கணக்குக் கேட்பார். நமக்கு எந்த இடத்தில் நோ என்று தெரியாமல் வைத்தியரைத் தேடப் போகிறோமா என்பதே என் பயம்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. இச்சபையிலே எத்தனை இளைஞர்கள் இருக்கிறீர்கள்! கணக்கும் மோசமில்லை. குறைவாயிருப்பது ஜோன்ஸ் கேட்ட எழுத்துத்தான். மண்டபம் எதற்கு, அதில் யார் என்ன செய்வார்கள், இன்னும் எவ்வளவு வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதி ஒருவரும் இதுவரை ஊராருக்குக் கொடுக்கவில்லை. அதைச் செய்யத் தெரிந்த ஒருவரை, ஓய்வுபெற்ற பத்திரிகையாசிரியராயினும் சரி, அதிபராயினும் சரி, இரண்டு மாதத்துக்கு நிலையான ஊதியம் பேசி அமர்த்துவதில் எனக்கு ஆட்சேபமில்லை. விகிதம் என்ற பேச்சு வேண்டாம். அவர் முன்பு எங்கே வேலை செய்தார், அங்குள்ளவர்கள் இன்றும் அவரை வாவென்று அழைக்கிறார்களா என்று நேரிற் போய் விசாரியுங்கள். படலை திறந்து கேட்கவேண்டியவர்கள் நீங்கள். பணம் நேரே தனாதிகாரியிடம் வந்து, அன்றன்றே பற்றுச்சீட்டு எழுதப்படவேண்டும்.

கடிகாரம் ஒன்றை வாசலில் மாட்டலாமா என்று முன்வரிசையிலிருக்கும் தம்பி ஒருவர் இப்போதே கேட்கிறார். மாட்டலாம்; ஆனால் முள்ளை நகர்த்தும் பொறுப்பை முதலில் யாராவது ஏற்கவேண்டும். நிர்வாக சபை வருகிற மாதம் கூடுகிறது. அதற்குமுன் சபையோர் கேட்க விரும்புவதை இப்போதே கேட்கலாம்.