ஓட்டையும் உண்டு, உயிரும் உண்டு!

(ரமணாசிரமம் பகுதியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'பழைய நினைவுகள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். ஹாஸ்டல் கதை, கேன்டீன் கதை எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்கள் முடித்துவிட்டார்கள். ஆகவே நான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

அதன் பெயர் டாகர்ஃபால். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் இரண்டாவது. அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 1996இல் வெளியிட்டது. நமக்கென்று ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு, இஷ்டப்பட்ட திசையில் போய் வாழலாம். அந்த உலகத்தின் பரப்பு எவ்வளவு தெரியுமா? நம் தமிழ்நாடு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். அதைவிடப் பெரியது! ஊர்களும் பாதாளக் குகைகளும் கோயில்களுமாக 15,000 இடங்களுக்கு மேல்.

இத்தனையையும் மனிதர்கள் உட்கார்ந்து வரைய முடியுமா? பெரும்பகுதியைக் கணினியே கணக்குப் போட்டு உண்டாக்கியது. கோளாறு அங்கேதான். நம் ஆசிரமத்து வாசலில் இறங்கினால் கிரிவலப் பாதை, 14 கிலோமீட்டர். அக்னி லிங்கத்துக்கு அப்புறம் ஆசிரமம், அப்புறம் யம லிங்கம் என்று நடக்க நடக்க ஏதோ ஒன்று வந்துகொண்டே இருக்கும். மலையும் ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு முகம் காட்டும். டாகர்ஃபாலில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்தால் புல், மரம், மறுபடி புல். அவ்வளவுதான். குகைகளோ, அதே துண்டுகளை மாற்றி மாற்றி ஒட்டிய புதிர்ப்பாதைகள்.

பிழைகளுக்கும் குறைவில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே தரை வழியாக விழுந்து, ஒன்றுமில்லாத வெளியில் தொங்க வேண்டியதுதான். விழுந்தவரைப் பழைய இடத்தில் நிறுத்துவதற்கென்றே பிறகு ஒரு விசைச் சேர்க்கையைக் கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! திருத்தக் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காசு கொடுத்து முதலில் வாங்கியவனுக்கு இது நியாயமில்லை. அதை நான் மழுப்ப மாட்டேன்.

அப்படியிருந்தும் ஏன் விடாமல் ஆடினார்கள்? ஓடினால் ஓட்டம் தேறும், சுவர் ஏறினால் ஏறும் திறமை தேறும். மரியாதையாகவும் பேசலாம், வெடுக்கென்றும் பேசலாம். பிரபுவிடம் எடுபடும் பேச்சு தெருவில் எடுபடாது. தங்கக் காசுக்கு எடை உண்டு. பை கனத்தால் வங்கியில் போட்டுவிட வேண்டும். வீடு வாங்கலாம், கப்பல் வாங்கலாம். கடன் வாங்கிவிட்டு அடுத்த நாட்டுக்குக் கம்பி நீட்டலாம். ஆனால் கடன் கொடுத்த நாட்டில் பெயர் கெட்டுவிடும். கதைக்கு ஒன்றல்ல, பல முடிவுகள். எது உண்மை என்ற கேள்விக்குப் பின்னால் வந்த பாகங்கள் என்ன பதில் சொல்லின தெரியுமா? எல்லாமே ஒரே நேரத்தில் நடந்தனவாம்!

2002இல் வந்த அடுத்த பாகம் மாரோவிண்ட். பாடம் படித்துக்கொண்டு, உலகத்தை மிகவும் சுருக்கிக் கையால் செதுக்கினார்கள். பெரும்புகழ் பெற்றது. ஆனால் டாகர்ஃபாலின் ஆசை அத்தோடு அணைந்துவிடவில்லை. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், டென்மார்க்கில் பிறந்த ஜூலியன் லெஃபே. கடைசி வருஷங்களிலும் அதே மாதிரி பிரம்மாண்டமான இன்னொரு உலகத்தைக் கட்டுவதில் ஈடுபட்டிருந்தார். 2025இல் காலமானார்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். 2009இல் நிறுவனம் டாகர்ஃபாலை இலவசமாகக் கொடுத்தது. மூலநிரலை மட்டும் கொடுக்கவில்லை. கேவின் க்ளேட்டன் என்பவரும் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களும் விளையாட்டின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் துருவி, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்து, அதை இயக்கும் பகுதியைப் புதிதாகவே எழுதினார்கள். பல வருஷ உழைப்பு. 'டாகர்ஃபால் யூனிட்டி' என்ற பெயரில் அதன் 1.0 பதிப்பு 2023 கடைசியில் வந்தது. பழைய பிழைகளில் பெரும்பாலானவை தீர்ந்தன. அந்த வெறும் புல்வெளிகூட இப்போது கூடுதல் வசதிகளால் நிரம்பிக்கொண்டிருக்கிறது.

தம்பி தங்கைகளே, உங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் என்ன ஆகிறது? கறுப்பு ரெக்ஸின் அட்டை போட்டு, பொன்னெழுத்தில் பெயர் அடித்து, துறை பீரோவுக்குள் போய்விடுகிறது. அடுத்த வருஷத்து ஜூனியர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறான். பாதியில் நின்றதா, பரவாயில்லை. எது ஓடவில்லை என்பதையும் எழுதி, நிரலோடு ஜூனியர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அவன் பூட்டை உடைத்துத் துருவ வேண்டிய அவசியம் வேண்டாமே!

நண்பர்களே, நமக்கும் ஒரு வேலை உண்டு. சங்கம் அந்த பீரோவைத் திறக்கட்டும். வருஷத்துக்கு ஒரு புராஜெக்டைத் தேர்ந்தெடுத்து, அதைச் செய்த சீனியரையும் தொடரப் போகும் ஜூனியரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்போம். முதல் மேஜைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

குறையோடு வந்த வேலையைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கதவும் திறந்திருக்க வேண்டும்.