கொம்புக்குக் காத்திருக்கும் கட்டளை

லினக்ஸ் கணினியில் 'ஐகான்வ்' என்றொரு சின்னக் கட்டளை உண்டு. அதற்குப் பொத்தானோ படமோ கிடையாது. எந்தக் குறியேற்றத்திலிருந்து (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை), எதற்கு, எந்தக் கோப்பு என்று தட்டச்சு செய்தால், உரையை மாற்றித் திரையில் கொட்டிவிடும்.

பழைய தமிழ்க் கோப்புகளை மீட்பது என் வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் ஊர்க் கோயில் வரலாற்றை ஒரு குறுந்தகட்டில் கொண்டுவந்தார். திறந்தால் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். "எல்லாம் போச்சா தம்பி?" என்றார். "ஒன்றும் போகலை ஐயா, இது திஸ்கி" என்றேன். யூனிகோடு பரவுமுன், தொண்ணூறுகளின் கடைசியில், இணையத்தில் இயங்கிய தமிழர்கள் கலந்து பேசி வகுத்த குறியேற்றம் அது. தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல அதில் வந்தவைதான்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். கையில் பேனா இருந்தால் 'கொ' என்று எழுதிப் பாருங்களேன். முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். திஸ்கியும் அதே வரிசையில் மூன்றையும் வைக்கும். யூனிகோடு அப்படியில்லை, முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. அதனால் ஐகான்வ் கொம்பைக் கண்டதும் எழுதிவிடாது, பிடித்து வைத்துக்கொள்ளும். க வந்த பிறகும் பொறுக்கும். அடுத்து கால் வந்தால் 'கொ', வராவிட்டால் 'கெ'. பக்கம் பக்கமாக, ஒவ்வொரு கொம்புக்கும் இந்தப் பொறுமை! நம் எழுத்தின் நடையறிந்து யாரோ உட்கார்ந்து எழுதிய நிரல் அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

திஸ்கியில் 'தமிழ்' என்ற சொல்லுக்கு 4 பைட். இன்று நாம் புழங்கும் யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8-இல் 15. கோப்பு பெரிதாகும், கவலை வேண்டாம். புரியாத பைட் வந்தால் ஐகான்வ் அந்த இடத்தைச் சொல்லி நின்றுவிடும். நாம் அங்கே போய்ப் பார்க்கலாம். பாமினி எழுத்துருவில் அடித்தவை இதற்குப் பிடிபடா, அவற்றுக்கு வேறு மாற்றிகள் இருக்கின்றன.

ஆசிரியரின் கோயில் வரலாறு முழுவதும் வந்துவிட்டது. உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியொரு குறுந்தகடு கிடக்கலாம். திறந்து பார்த்துவிட்டு, படிக்க முடியவில்லை என்று எறிந்துவிடாதீர்கள். முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, இந்தக் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.