ஆற்றுப்படுத்தலும் மழலைச் செல்வமும்

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை முழங்கும் இவ்வரங்கில் ஒரு தொண்டு நிறுவனத்தின் அன்றாடப் பணியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். குழந்தைப்பேறு வாய்க்காதவர்கள், தத்து எடுத்தவர்கள், பெற்ற பிள்ளையைத் தத்துக்கு ஒப்படைத்தவர்கள், தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர்கள் ஆகிய நால்வகையினரும் கட்டணமின்றி வந்து மனம்விட்டுப் பேசும் இடம் எங்களுடையது. இப்பணிக்கு நாங்கள் வழங்கும் பெயர் ஆற்றுப்படுத்தல். உங்களுக்கு இச்சொல் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள் அல்லவா? ஆறு என்றால் வழி. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிரே வரும் பாணனுக்குத் தான் நடந்த வழியைச் சொல்கிறான். அறிந்தவன் அறியாதவனுக்குக் கூறும் அறிவுரை அன்று அது; பட்டவன் பட்டுக்கொண்டிருப்பவனுக்குக் கூறும் செய்தி. எங்கள் மேசையில் அமர்வோருள் பெரும்பாலோர் அவ்வழி நடந்து வந்தவர்களே.

வருவோர் முதலில் இறக்கி வைப்பது நோயை அன்று, சொற்களை. "விசேஷம் உண்டா?" என்று திருமணமான மூன்றாம் மாதமே தொடங்கும் கேள்வி. நாத்தனாரின் வளைகாப்பில் வளையலிட அழைக்கப்படாமல் கூடத்துத் தூணோரம் நின்ற பொழுது. பிறகு, மலடி என்னும் சொல். மலடன் என்ற சொல் அகராதியில் உண்டு, தெருவில் இல்லை. குறை ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், எவரிடமும் காரணம் புலப்படாமலும் போகலாம் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. ஆயினும் ஓர் எளிய விந்துப் பரிசோதனைக்குக் கணவர் இசையுமுன், மனைவி எத்தனையோ சோதனைகளையும் அரசமரத்து வலங்களையும் முடித்திருப்பார். வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இக்குறையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. இவ்வரங்கில் எத்தனை வரிசை நாற்காலிகள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்குத் தொண்டு நிறுவனம் எதற்கு, மருத்துவமனையிலேயே ஆலோசகர் உண்டே என்று கேட்பார்கள். உண்மைதான். 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் சிகிச்சை மையங்கள் ஆலோசனை வழங்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் மூன்று முறை சோதனைக்குழாய்ச் சிகிச்சை பலிக்காது போய், நகையும் நிலமும் அடகில் இருக்கும்போது, "போதும், நிறுத்திவிடலாமா?" என்று சிகிச்சை விற்கும் இடத்திலேயே எப்படிக் கேட்பது? அங்கே நல்லவர்கள் இருக்கிறார்கள். எனினும் அவர்கள் அமர்ந்திருக்கும் நாற்காலி அந்த இடத்துக்கு உரியது. நிறுத்துவதும் ஒரு முடிவே என்பதை இலாபம் இல்லாத ஒருவர் சொல்லக் கேட்க வேண்டியிருக்கிறது. நாங்கள் நிறுத்தச் சொல்வதில்லை, தொடரச் சொல்வதுமில்லை. அவர்கள் தம் வாயால் சொல்லும்வரை உடனிருக்கிறோம்.

"எங்களுக்கு ஒரு குழந்தை வாங்கித் தர முடியுமா?" என்றும் கேட்பார்கள். முடியாது என்பதை அழுத்தமாகவே சொல்லிவிடுகிறோம். 2019இல் இராசிபுரத்தில் பச்சிளங் குழந்தைகள் விலை பேசப்பட்ட செய்தி நாடெங்கும் அதிர்ச்சி அளித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வாங்கியவர்கள் எல்லாரும் கொடியவர்களா? காத்திருக்க இயலாத ஏக்கமும் அச்சந்தைக்குள் இழுத்துச் செல்லும். சட்டப்படியான வழி மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்து வரிசையில் நிற்பது. அது ஆண்டுக் கணக்கில் நீளும். அந்த ஆண்டுகளில்தான் எங்கள் வேலை மிகுதி.

பாடல்கள் மறந்த ஒருத்தி இருக்கிறாள்: ஒப்படைத்த தாய். தத்து எடுத்த வீட்டின் மகிழ்ச்சியைப் பாடுகிறோம். தொட்டிலில் இட்டுத் திரும்பியவளின் பால் கட்டிய மார்பை எவர் பாடினார்? 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கவென்று வந்த திட்டம். அதன் தொட்டிலில் இட்டவள் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அப்பெயரின்மை அவளைக் காத்தது. அவளோடு பேசவும் ஆளில்லாமல் செய்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை ஒப்படைக்க வருபவருக்கு ஆலோசனை வழங்கிய பின்பே பத்திரம் எழுத வேண்டும் என்றும், மனம் மாற இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்றும் வகுத்துள்ளது. அறுபது நாள்! அந்நாள்களில் அவளருகே அமர ஒருவர் வேண்டும். "கொடு" என்றும் "கொடாதே" என்றும் சொல்லாத ஒருவர்.

அடுத்து, பிள்ளைகள். நம் வீடுகளில் குறும்பு செய்யும் பிள்ளையை "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சீண்டுவது வழக்கம். பெற்ற பிள்ளைக்கு அது விளையாட்டு. உண்மையிலேயே தத்து வந்த பிள்ளை அதை உறவினர் வாயிலிருந்து, அதுவும் சொத்துத் தகராறின்போது முதன்முதலாகக் கேட்டால்? தத்து நாள் முதல் அப்பிள்ளை அவ்வீட்டுப் பிள்ளையே என்று 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் சொன்னது. பெரியப்பாவின் நாவுக்கு அச்சட்டம் எட்டவில்லை. ஆகவேதான் மழலைப் பருவத்திலேயே கதையாகச் சொல்லிவிடுங்கள் என்கிறோம். 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் சிறுமிக்கு ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மை சொல்லப்படுகிறது. அப்படத்தைப் பார்த்து, தாங்களும் ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்த பெற்றோர் உண்டு. நாள் பார்த்துச் சொல்லும் செய்தி இடியாகத்தான் இறங்கும். நினைவு தெரியும் முன்பே தெரிந்த செய்தி அப்படி இறங்குவதில்லை.

வளர்ந்தபின் வேரைத் தேடுவதும் நன்றிகேடு ஆகாது. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் வயது வந்த தத்துப் பிள்ளைகளுக்குத் தம் பிறப்புச் சான்றைப் பெறும் உரிமையை அளித்தபோது, முன்னர்த் தத்துப் போனவர்கள் முதலில் ஆலோசகர் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று விதித்தது. நம் நாட்டு விதிகளும் 18 வயது நிரம்பியவர் தாமே தேடல் கோரிக்கை தர இடமளிக்கின்றன. பெற்றவளின் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டும் என்கின்றன. இரு நியாயங்கள் ஒன்றையொன்று முட்டும் இடம் அது. கர்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றவள் எதிரே வந்து நின்றபோதும் அவன் ராதேயனாகவே இருந்தான். ஆனால் அவளை அவன் சந்தித்தாக வேண்டியிருந்தது. பாரி மகளிரைத் தம் பொறுப்பில் ஏற்று மன்னர் வாயில்தோறும் நடந்த கபிலரையும் கவிஞர்களாகிய உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோளோடுதான் வந்தேன். எங்கள் துண்டறிக்கையைத் தமிழில் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம். "கைவிட்ட தாய்" என்பதை அடித்துவிட்டோம். "ஒப்படைத்த தாய்" பத்திர அலுவலக வாடை அடிக்கிறது. "உண்மையான அம்மா" என்றால் வளர்த்தவள் பொய்யாகிவிடுகிறாள். கொடை பெற்ற கருமுட்டையால் பிறந்த குழந்தை, அம்முட்டையைத் தந்தவளை என்னவென்று குறிப்பிடும்? எங்களிடம் சொல் இல்லை. கைப்படிகள் கொண்டுவந்திருக்கிறேன், ஓரத்தில் எழுத இடம் விட்டே அச்சிட்டிருக்கிறோம். தேநீர் இடைவேளையில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த திங்கள் கூட்டத்தில் திரும்பத் தந்தால் போதும்.