கிராமத்து ஏரிக்கரையும் அதன் பாதுகாப்பு மதிப்பீடும்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பெரிய அணைகளைப் பற்றிப் பேசேன்" என்று செயலாளர் சொன்னார். பெரிய அணைகளைப் பார்த்துக்கொள்ளப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். நான் சின்ன அணைகளைப் பற்றிப் பேசுகிறேன். சின்ன அணை என்றதும் ஏதோ தெரியாத பொருள் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் ஏரிக்கரைதான் அது. தெற்கே போனால் கண்மாய். மண்ணால் கட்டிய அணை, தண்ணீர் விட ஒரு மதகு, மிச்சத் தண்ணீர் வழிய ஒரு கலங்கல். தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39,000 இருக்கின்றன.

இவற்றின் பயன் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாசனம் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. ஏரி நிறைந்த வருஷம் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் மேலே வருகிறது. மாடு குளிக்கிறது, மீன் ஏலம் போகிறது, வண்டல் வயலுக்குப் போகிறது. ஒரு மழையில் வரும் வெள்ளத்தை மேல் ஏரி கொஞ்சம் பிடித்து வைத்து, கீழ் ஏரிக்கு மெதுவாக அனுப்புகிறது. சங்கிலி மாதிரி ஒன்றன் கீழ் ஒன்று. ஆனால் சங்கிலியில் மேல் ஏரி உடைந்தால் அந்த வெள்ளம் மொத்தமும் அடுத்த கரையில் போய் மோதும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது ஒரு கல்லூரியின் கதை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா ஃபால்ஸ் என்று ஒரு வேதாகமக் கல்லூரி. அதன் மேலே 186 அடி உயர அருவி. அருவிக்கும் மேலே கெல்லி பார்ன்ஸ் என்ற சின்ன மண் அணை. முதலில் மின்சாரத்துக்காகக் கட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். 1957-ல் மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் அது வெறும் ஏரி. கரை மேல் மரம் வளர்ந்தது, பின்சரிவு ஓரிடத்தில் சரிந்தது, கசிவும் இருந்தது. 1977 நவம்பர் 6 அன்று, பலத்த மழைக்குப் பின், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த 39 பேர் போனார்கள். உயரம் சுமார் 38 அடி, நீளம் 400 அடி, உடைந்தபோது இருந்த தண்ணீர் ஏழே முக்கால் லட்சம் கன மீட்டர். அவ்வளவுதான். அந்நாட்டில் தனியார் அணைகளையும் மத்திய அரசு போய்ப் பார்க்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

இந்த அணை நம் நாட்டில் இருந்தால்? 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமானவற்றைச் சேர்க்கிறது. 10 முதல் 15 மீட்டர் என்றால், 500 மீட்டர் நீளமோ, 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவோ, இப்படி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அளவை மட்டும் பார்த்தால் 39 பேரைக் கொன்ற அணை சட்டத்துக்குள் வராது! நம் ஏரிகளில் பெரும்பாலானவை 10 மீட்டரே கிடையாது. கரை இரண்டு கிலோமீட்டர் நீண்டாலும் வராது. சட்டத்தைக் குறை சொல்லவில்லை, எங்காவது கோடு போட்டாக வேண்டும். கோட்டுக்கு வெளியே இருப்பதை யார் பார்ப்பது என்பதுதான் என் கவலை.

சரி, மதிப்பீடு எப்படி? இரண்டு கேள்விகள், இரண்டையும் குழப்பக் கூடாது. ஒன்று, உடைந்தால் கீழே என்ன ஆகும்? இரண்டு, கரை இப்போது எப்படி இருக்கிறது? முதல் கேள்விக்கு அமெரிக்காவில் மூன்று படி: அதிகம், கணிசம், குறைவு. 'அதிக ஆபத்து' என்றால் நாளைக்கே உடையும் என்று அர்த்தம் இல்லை. உடைந்தால் உயிர் போகும் என்று அர்த்தம். புத்தம் புதிய உறுதியான அணைக்கும் அந்தப் பெயர் உண்டு. நம் மத்திய நீர்வள ஆணையம் 2020-ல் நான்கு வகுப்பு வைத்தது. அதில் நான்காவதுதான் மிக மோசம். அதே ஆணையத்தின் குறைபாட்டுப் பட்டியலில் முதலாவதுதான் மிக மோசம்! ஃபைலைப் புரட்டும் இளம் பொறியாளர் எந்த நம்பர் எதற்கென்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். முதல் மதிப்பீடு கரையில் ஒரு கல்லும் அசையாமலே மாறிவிடும். கரைக்குப் பின்னால் நெல் வயல் இருந்த வரை உடைப்பு என்றால் பயிர்ச்சேதம். மூன்று வருஷம் மழை பொய்த்தது, வயல் மனையாகி, இன்று இருபது வீடும் ஒரு அங்கன்வாடியும் நிற்கின்றன. ஏரி அதே ஏரி, ஆபத்து வேறு. சிறிய அணைக்கு நூறாண்டு வெள்ளம் போதும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கீழே குடியிருப்பு இருந்தால் அதைவிடப் பெரிய வெள்ளத்துக்குக் கணக்குப் போடவும் அதே தரம் இடம் தருகிறது. மனை விற்றவர் அந்தக் கணக்கைக் கேட்டாரா?

இரண்டாவது கேள்விக்கு எனக்குக் குருவானவர் புத்தகம் எழுதியவர் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஏரியில் சந்தித்த வயதான நீர்க்கட்டி. கரையடியில் கசிவைக் கண்டு நான் பதறியபோது, "தம்பி, தெளிவா வந்தா தூங்கப் போங்க. செம்மண்ணாட்டம் வந்தா ஆளக் கூப்புடுங்க" என்றார். மண்ணை இழுத்துக்கொண்டு வரும் கசிவு உள்ளே குழாய் மாதிரி வழி குடைகிறது என்று வகுப்பில் இரண்டு மணி நேரம் படித்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அந்தக் கசிவு பெரும்பாலும் மதகை ஒட்டித்தான் தொடங்கும். கரையில் சீமைக் கருவேலம் அடர்ந்துவிட்டால் கசிவும் தெரியாது, எலி வளையும் தெரியாது. இன்னொன்று, கலங்கல் மேல் நட்ட கற்களுக்கு இடையில் மண்ணும் புல்லும் அடைத்து அரை அடி கூடுதலாகத் தேக்குவது பழைய வழக்கம். மழைக்காலம் முடியும்போது அடைத்தால் சரி. ஐப்பசியில் எடுக்காமல் விட்டால் தண்ணீர் கரை மேலேயே ஏறி வழியும். மண் கரை அதைத் தாங்காது.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு மூன்றாம் ஆண்டில் சர்வே கேம்ப் உண்டு. எங்கோ மலைக்குப் போய் ஃபோட்டோ எடுக்கிறீர்கள், எடுங்கள். ஒரு நாளாவது பக்கத்து ஏரிக்கு வாருங்கள். கரைத்தலை மட்டம் நூறடிக்கு ஒன்று, கலங்கல் மட்டம், கரைக்குப் பின்னால் எத்தனை வீடு, மதகின் வெளிவாயில் கசிவு உண்டா, அதன் நிறம் என்ன. நான்கு பக்கம் போதும். ஒரு பிரதி ஊராட்சித் தலைவரிடம், ஒன்று பொறியாளர் அலுவலகத்தில். ஆட்டோ லெவல் கல்லூரியில் இருக்கிறது. பழைய மாணவர் சங்கம் பஸ்ஸும் மதியச் சாப்பாடும் தரும் என்று பொருளாளர் இப்போதுதான் என்னிடம் தலையசைத்தார். எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா?